தோட்டக்கள்ளன் என்று எழுதியவர்

பாலக்கரை ஷேக் தாவூதுக்கு ஒரு குருவியின் பெயரால் திருட்டுப் பட்டம் கிடைத்து ஐந்து வருஷம் ஆகிறது. அதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. மறக்கச் சொன்னவர்களையும் மறந்ததில்லை. "விடுங்க பாய், தெரியாம நடந்தது" என்று யாராவது ஆரம்பித்தால், "உன் பைய நடு வாசல்ல கொட்டிப் பார்த்திருந்தா நீ விட்டிருப்பியா?" என்பார்.

குருவிக்கு ஒன்றும் தெரியாது. எழுதியது வேதவதி அம்மாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு வீட்டு ஃபிளாட் ஒன்றில் தரைத்தளத்தில் தனியாக இருந்தவர். போன பங்குனியில் பெங்களூரில், மகன் வீட்டில் காலமானார். செய்தி கேட்டதும் தாவூது "இன்னா லில்லாஹி" சொன்னார். சொன்ன வாய் மூடும் முன்பே, "வேலையப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று மனைவி வஹீதாவிடம் எரிந்து விழுந்தார்.

"செத்தவங்க மேல என்னங்க கோவம்?"

"பட்டவன் இன்னும் சாகலல்ல. அதான்."

வேதவதி அம்மாள் கீழச் சித்திரை வீதியில் பிறந்தவர். வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். இவர் கண்டோன்மென்ட் பக்கம் ஓர் அரசாங்க ஆபீஸில் தபால் பிரிவு. வருகிற தபாலுக்கும் போகிற தபாலுக்கும் முப்பத்திரண்டு வருஷம் ரிஜிஸ்டர் போட்டவர். தேதி, நேரம், பொருள், எங்கிருந்து, எங்கே. இந்த ஐந்து கட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை எழுதினால் மேலதிகாரி சிவப்பு மையால் அடித்துவிடுவாராம். அப்படிப் பழகிய கை, விளக்கம் எழுதத் தெரியாத கை. அந்தக் கைதான் தாவூதின் மானத்தை வாங்கியது.

வீட்டுக்காரர் போன பிறகு சமையலறை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அந்த அம்மாளுக்கு வேலை. பார்த்ததை எழுதாமல் இருக்க அவரால் முடியாது. நீள ரிஜிஸ்டர் நோட்டு ஒன்று வாங்கி, அதே ஐந்து கட்டம் போட்டு, ஐப்பசி கடைசியிலிருந்து மாசி வரைக்கும் தோட்டத்துக்கு வருகிற குருவியையும் பூக்கிற செடியையும் பதிய ஆரம்பித்தார். 'சின்னான் இரண்டு. 7.10. முருங்கையிலிருந்து மதிலுக்கு.' 'தையல்சிட்டு ஒன்று. 7.25. இட்லிப்பூச் செடியிலிருந்து துணிக்கொடிக்கு.' செடி எங்கேயும் போகாது என்றாலும் கட்டத்தைக் காலியாக விட மனசு வராது. 'டிசம்பர் பூ, முதல் மொட்டு. எங்கிருந்து: மண். எங்கே: பெருமாள்' என்று போடுவார். மாங்குயில், கீச்சான் மாதிரி பனிக்காலத்துக்கு மட்டும் வருகிற வெளியூர்ப் பறவை என்றால் 'எங்கிருந்து' என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுப்பார். தெரியவில்லை என்று எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

தாவூது அந்த ஃபிளாட்டில் நாலு வருஷமாகத் தோட்ட வேலை பார்த்தவர். படிப்பு அஞ்சாவது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எந்தச் செடிக்கு எந்த மாதம் தண்ணீரைக் குறைக்க வேண்டும், எதை வெட்டினால் தை மாதம் பூக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டாம். பின்பக்க மதில் ஓரமாகப் பவளமல்லி ஒன்று நின்றது. ஒரு கார்த்திகையில் அதன் அடியில் சருகு கூட்டப் போனவர், துடைப்பத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வந்து ஜன்னல் கம்பியைத் தட்டினார்.

"அம்மா, சத்தம் போடாம வாங்க. ஆறுமணிக்குருவி வந்திருக்கு."

மைனாவைவிடச் சின்னது. வால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, கண்ணில் மை தீட்டிய மாதிரி கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமம். பறக்காமல் தத்தித் தத்தி, சருகை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருந்தது.

"எழுபது வருஷம் இந்த ஊர்ல இருக்கேன் பாய். இதைப் பார்த்ததே இல்லையே."

"நீங்க கிளையையே பார்க்கிறீங்க. இது தரை ஆளு. காலையில ஆறு மணிக்கு ஒருவாட்டி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருவாட்டி விசிலடிக்கும். அதுக்குத்தான் அந்தப் பேரு."

மறுநாள் அந்த அம்மாள் பறவைப் புத்தகம் ஒன்றை விரித்துக்கொண்டு ஜன்னலில் நின்றார். "இதுக்குத் தோட்டக்கள்ளன்னும் ஒரு பேர் உண்டாம், பாய். ஒளிஞ்சு ஒளிஞ்சு திரியறதோல்லியோ."

"அதும்பாட்டுக்குப் புழு பொறுக்கித் திங்குது. அதப் போய்க் கள்ளன்னு எழுதி வச்சிருக்கான் பாருங்க. ஆறு மணிக்குக் கத்துது, ஆறுமணிக்குருவி. இதுல என்னம்மா குறை?"

"குறை ஒண்ணுமில்லே. அது எல்லாரும் சொல்ற பேர். இது நன்னா இருக்கு."

அந்த 'நன்னா இருக்கு'தான் வினை. குருவியைக் காட்டியதுதான் தான், கள்ளன் என்று எழுதியது அந்த அம்மாள் என்று தாவூது பின்னால் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் போடுவதற்கு ஒரு வெள்ளை போர்டு. தொட்டி கழுவும் நாள், கரண்ட் போகும் நேரம் எல்லாம் அதில்தான் வரும். பனிக்காலத்தில் அதன் அடியில் ஒரு வரி எழுதிக்கொள்ள வேதவதி அம்மாள் அனுமதி வாங்கியிருந்தார். அடுத்த மார்கழியில் அவர் பெங்களூருக்குக் கிளம்பினார், தை பிறந்ததும் மகன் பிரஹலாத்துக்கு அங்கே கிரகப்பிரவேசம். கார் வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். அந்த அவசரத்திலும் போர்டில் எழுதிவிட்டுத்தான் ஏறினார்:

'தோட்டக்கள்ளன் மறுபடி வந்தாச்சு. தினம் காலை 6 மணி. பவளமல்லி அடி. ஒளிந்து நின்று பார்க்கவும். சத்தம் கூடாது.'

அந்த வாரம்தான் தோட்டத்துப் பித்தளைக் குழாய் இரண்டைக் காணோம் என்று பீமராவ் குதித்துக்கொண்டிருந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபிளாட் சங்கத்துக்குச் செகரட்டரி. போர்டைப் படித்தார். மாமி கண்ணால் பார்த்திருக்கிறாள், பெயரைச் சொல்லப் பயந்துகொண்டு இப்படிப் பூடகமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். பெங்களூருக்கு ஒரு போன் போட்டால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். போடவில்லை. அவருக்குத் திருடன் வேண்டியிருந்தது, கேள்வி வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடியலில் பீமராவும் இன்னும் மூன்று பேரும் டார்ச் லைட்டோடு கார்களுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மணிக்குத் தாவூது வந்தார். மோட்டார் போடுவதற்கு முன்னால், குருவி வந்திருக்கிறதா என்று பவளமல்லி அடியில் குனிந்து பார்த்தார். தோளில் பை. நாலு டார்ச்சும் அவர் முகத்தில் விழுந்தன.

"குழாய் எங்கப்பா?"

"எந்தக் குழாய் சார்?"

"நடிக்காதே. காலங்கார்த்தால இங்க குனிஞ்சு என்ன தேடறே?"

"குருவி சார்."

சிரித்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தாவூதுக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவரை இழுத்துக்கொண்டு போய், பையைப் பிடுங்கி வாசலில், லிஃப்டுக்கு எதிரே கொட்டினார்கள். களைக்கொத்து, கத்தரி, துண்டு, டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸையும் திறந்தார்கள். வஹீதா வைத்துக் கொடுத்த இடியாப்பம். பால் வாங்க வந்தவர்கள், ஸ்கூல் வேனுக்கு நின்ற பிள்ளைகள், எல்லாரும் பார்த்தார்கள். குழாய் இல்லை என்றதும், "முன்னாடியே கடத்திட்டான்" என்றார் பீமராவ். "போலீசுக்குப் போகலை, அதுவே உனக்குப் பெரிசு. நாளையிலேருந்து வராதே."

இரண்டு வாரம் கழித்துக் குழாய் இரண்டும் மோட்டார் ரூமில் ஒரு சாக்குக்குள் கிடைத்தன. வாஷர் மாற்றுவதற்காக பிளம்பர் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தானாம். அதைத் தாவூதுக்குச் சொன்னது அந்த ஃபிளாட் வாட்ச்மேன். சங்கத்திலிருந்து ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. அதற்குள் அதே தெருவில் அவர் வேலை பார்த்த இன்னும் மூன்று வீட்டிலும் "இப்ப வேண்டாம் தாவூது, அப்புறம் சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டார்கள். பாலக்கரை டீக்கடையில் பூவண்டிக்காரன் ஒருவன், "என்ன தோட்டக்கள்ளன், டீ சொல்லட்டா?" என்றான். அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான். தாவூது டீ கிளாஸை அவன் காலடியில் போட்டு உடைத்துவிட்டு வந்தார்.

வேதவதி அம்மாள் தை பிறந்து திரும்பி வந்தார். நடந்தது தெரிந்ததும் நேரே பீமராவிடம் போனார். அது குருவி என்றார். பீமராவ் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மாமி, இதை இப்ப கிளப்பினா நம்ம எல்லாருக்கும் அசிங்கம். அவனுக்கு வேற இடத்துல வேலை கிடைக்கும். விட்டுடுங்கோ" என்றார்.

அவர் விட்டுவிட்டார். தாவூதுக்குப் பொறுக்காத இடம் இதுதான். தெரியாமல் எழுதியதை அவர் பொறுத்திருப்பார். தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டதை எப்படிப் பொறுப்பது?

பத்து நாள் கழித்து அந்த அம்மாள் ஆட்டோ பிடித்துப் பாலக்கரைக்கு வந்தார். தாவூது உள்ளே இருந்துகொண்டே வரவில்லை. வஹீதாதான் நாற்காலி போட்டு, "வீட்டுலதான் இருக்காரு, வர மாட்டேங்கிறாரு" என்று உள்ளதைச் சொன்னாள்.

வேதவதி அம்மாள் உள்வாசலைப் பார்த்துப் பேசினார். "பாய், என் சமையல்கட்டுக்கு வெளியிலே பத்தடி நிலம் எனக்குன்னு இருக்கு. வாரம் ரெண்டு நாள் வந்து பார்த்துக்கோங்கோ. அங்க யாரும் உங்களைக் கேள்வி கேக்க முடியாது."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "வேலை கேட்டு நான் வந்தேனா? பன்னெண்டு வீடு பார்க்கக் கொட்டினாங்க. பன்னெண்டு வீடு கேக்கச் சொல்லுங்க, அது குருவின்னு. அப்புறம் வரேன்."

"சொல்றேன், பாய்."

"எப்ப?"

"சொல்றேன்."

போயும் போயும் தாவூது அந்தப் பத்தடி நிலத்துக்கு வேலைக்குப் போனார். கோபம் தணிந்து போகவில்லை. சொல்கிறேன் என்ற வார்த்தையை வாங்கிவிட்டோம், அது நடக்கிறதா என்று கிட்ட இருந்து பார்க்க வேண்டும் என்று போனார். செவ்வாயும் வெள்ளியும், ஆறு மணிக்கு, முன்வாசல் வழியாக, பையைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு. பீமராவ் எதிரே வந்தால் பையை அவர் மூக்குக்கு நேரே நீட்டுவார். "பார்த்துக்கங்க சார். போகும்போதும் காட்டறேன்." பீமராவ் செல்போனைப் பார்த்துக்கொண்டே நழுவிவிடுவார்.

இப்படி நாலு பனிக்காலம் போனது. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். ஒரு வருஷம் அந்த அம்மாளுக்கு முட்டி ஆபரேஷன். ஒரு வருஷம் நோய்த் தொற்று, கூட்டமே கிடையாது. ஒரு வருஷம் காரணமே இல்லை, வெறும் பயம். குருவி மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஐப்பசி கடைசியில் ஒரு நாள் காலை ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வரும்.

"வந்தாச்சா, பாய்?"

"யாரக் கேக்கிறீங்க? குருவியையா, கள்ளனையா?"

அவர் சிரிக்கப் பார்ப்பார். தாவூது சிரிக்க மாட்டார். டிசம்பர் பூச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டே, "வெள்ளையில மூணு, ஊதாவுல அஞ்சு பூத்திருக்கு. எழுதிக்கங்க" என்பார். எழுதும் சத்தம் கேட்கும். தேன்சிட்டு செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கும். அதுவும் பதிவாகும். ஒரே தோட்டத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல்.

மூன்றாம் வருஷம் அவர் நோட்டை ஜன்னல் வழியே நீட்டினார். தாவூது எழுத்துக் கூட்டிப் படித்தார். 'ஆறுமணிக்குருவி ஒன்று. 6.02. முதலில் பார்த்தவர் ஷேக் தாவூது.' முந்தைய வருஷங்களில் இருந்த 'தோட்டக்கள்ளன்' எல்லாம் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன.

"நோட்டுல அடிச்சு என்னம்மா பிரயோஜனம்? நோட்ட நீங்களும் நானும்தான் படிக்கிறோம். போர்டுலதானே எழுதுனீங்க? அங்க எழுதுங்க."

அன்றைக்கே எழுதினார். 'தோட்டக்கள்ளன் என்பது பறவை. மனிதர் அல்ல.' சாயங்காலத்துக்குள் பீமராவ் அதை அழித்துவிட்டுத் தொட்டி கழுவும் தேதியைப் போட்டார். வேதவதி அம்மாள் மறுபடி எழுதவில்லை. தாவூது மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. போனபோது, "முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவங்க, ஒரு டஸ்டருக்குப் பயப்படறீங்க" என்றார். அந்த அம்மாள் நோட்டை மூடி உள்ளே எடுத்துப் போனார். அன்று அதில் ஒன்றும் எழுதவில்லை.

போன தையில் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. இனி தனியாக விட முடியாது என்று பிரஹலாத் பெங்களூரிலிருந்து வந்துவிட்டான். ஜனவரி இருபத்தாறு காலை கொடியேற்றிவிட்டு, பதினோரு மணிக்குக் கார். அந்த ஃபிளாட்டில் முதலில் குடிவந்தவர் என்பதால் அவருக்குப் பொன்னாடை போடுவதாகச் சங்கத்தில் ஏற்பாடு. அந்த அம்மாள் வாட்ச்மேனிடம் சொல்லித் தாவூதை வரச் சொல்லியிருந்தார். தாவூது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், கடைசியில் மதில் ஓரமாக நின்றார்.

கொடி ஏறியது. பீமராவ் பொன்னாடை போர்த்தினார். ரெண்டு வார்த்தை பேசுங்கோ என்று மைக்கை நீட்டினார். வேதவதி அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த ரிஜிஸ்டரைத் திறந்து, ஆபீஸில் படிக்கிற மாதிரி ஒரே குரலில் படித்தார்.

"ஐந்து வருஷத்துக்கு முன்னால், மார்கழி மாதம், காலை ஆறு மணி. இந்தத் தோட்டத்திலிருந்து அந்த வாசலுக்கு ஷேக் தாவூதை இழுத்துக்கொண்டு போனார்கள். பையைக் கொட்டினார்கள். பையில் திருட்டுப் பொருள் எதுவும் இல்லை. குழாய் மோட்டார் ரூமில் இருந்தது. தோட்டக்கள்ளன் என்று நான் எழுதினது ஒரு குருவியை. எழுதினவள் நான். தெரிந்த பிறகும் ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான். கொட்டினவர் பீமராவ்."

மூச்சு வாங்கியது. நோட்டை மூடினார்.

மூன்றாவது மாடி மாதுரி, "ஐயோ, குருவியா!" என்று சிரித்தாள். அவ்வளவுதான், அத்தனை பேரும் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். நல்ல ஜோக் ஒன்று கேட்டுவிட்ட திருப்தி எல்லார் முகத்திலும். ஐந்து வருஷமாகத் தாவூதின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது இவர்களுக்கு இட்லிக்கு முன்னால் ஒரு வேடிக்கைக் கதை ஆகிவிட்டது.

பீமராவ் மைக்கை வாங்கிக்கொண்டார். அவரும் சிரித்தார். "மாமிக்கு நல்ல ஞாபகசக்தி. பழசெல்லாம் எதுக்கு? இப்ப நல்ல நாள். நாளையிலேருந்து தாவூதே நம்ம முழுத் தோட்டத்தையும் பார்த்துக்கட்டும். என்ன தாவூது, சந்தோஷம்தானே?" கூட்டத்தைத் தாண்டி வந்து ஒரு லட்டைத் தாவூதின் கையில் வைத்தார்.

"என் பையக் கொட்டினது யாரு சார்?" என்றார் தாவூது.

"அட, அதான் மாமி சொல்லிட்டாளேப்பா."

"அவங்க சொன்னாங்க. நீங்க சொல்லல."

"என்னப்பா, விடமாட்டியா நீ? போ, டிபன் சாப்பிடு." தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பீமராவ் பந்திப் பக்கம் போனார். சாம்பார் வாளி வந்துவிட்டது. தாவூது லட்டைக் காலி நாற்காலி ஒன்றின் மேல் வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்தார்.

பதினோரு மணிக்குப் பிரஹலாத் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காரின் பின் சீட்டில் உட்காரவைத்தான். தாவூது போய் ஜன்னலோரம் நின்றார். வழியனுப்ப வந்த முகம் இல்லை அது.

"பாதிதாம்மா ஆச்சு."

"தெரியும்."

"சிரிச்சாங்க."

"கேட்டுது. நேக்கும் காது இருக்கு, பாய்." அவர் முகமும் சிவந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் கோபப்பட்டுத் தாவூது பார்த்தது அன்றைக்குத்தான். "நாளைக்குப் பீமராவ் கூப்பிட்டு அனுப்புவார். போகாதீங்கோ. தப்புப் பண்ணிட்டேன்னு அவர் வாயால சொல்லாம இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்காதீங்கோ. என்னோட பத்தடிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"அப்ப செடிக்குத் தண்ணி?"

"காயட்டும்" என்றார் வேதவதி அம்மாள். "நீங்க போகாதீங்கோ."